பக்கவாத்தியம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

தியாகராய நகரில், பாண்டி பஜாரின் இரைச்சல் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் இருக்கும் குறுக்குத் தெரு ஒன்றில் என் தந்தையின் இஸ்திரி வண்டி நிற்கிறது. வண்டிக்கு மேலே ஒரு வேப்பமரம். மரத்துக்குப் பின்னே ஒரு பழைய மாடி வீடு. அந்த மாடியில் பிடில் வாத்தியார் ஒருவர் குடியிருக்கிறார். மாலை ஐந்து மணிக்குத் தெருவில் கரிப்புகை எழும்பும். மாடியில் சரளி வரிசை எழும்பும். இவ்விரண்டும் சேர்ந்ததுதான் என் பிள்ளைப் பருவம்.

பள்ளி விட்டதும் நான் நேரே வண்டிக்கு வந்துவிடுவேன். தந்தை தேய்த்து மடித்து வைத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பது என் வேலை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் வாத்தியார் வீட்டு வேட்டிகளை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். உள்ளே ஒரு சிறுவன் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். நான் படியிலேயே நின்றுவிட்டேன். வாத்தியார் வெளியே வந்து, "என்னப்பா, துணியைக் குடுத்துட்டுப் போகாம நிக்கறே?" என்று கேட்டார்.

"அவரு பதினோரு தடவ வாசிச்சாரு சார். மூணாவது தடவ வாசிச்சதுதான் நல்லா இருந்துச்சு" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "எண்ணிண்டா இருந்தே? சரி, உள்ளே வந்து உட்காரு" என்றார். எத்தனையோ முறை அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். ஏறி, துணி கொடுத்து, காசு வாங்கி, இறங்கியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்தது அன்றுதான்.

வாத்தியார் எனக்குப் பிடில் சொல்லித் தரப் போவதாகச் சொன்னபோது என் தந்தை மகிழ்ச்சி அடையவில்லை. "நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்? நாளைக்கு யாராச்சும் ஒரு வார்த்த சொன்னா நீ தாங்க மாட்டே" என்றார். அது கோபம் அல்ல, அச்சம் என்பது எனக்கு வெகு நாள் கழித்தே விளங்கிற்று. ஒரு வாரம் யோசித்தார். பிறகு தாமே மாடியேறி, "அய்யா, சும்மா வாங்கினா படிப்பு தங்காது. உங்க வூட்டுத் துணிக்கு இனிமே காசு வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். வாத்தியார் எவ்வளவு மறுத்தும் அவர் கேட்கவில்லை. ஆக, என் சங்கீதத்துக்குக் கட்டணம் வேட்டியும் சட்டையுமாக இன்றுவரை கட்டப்பட்டு வருகிறது.

பிடிலைக் கையில் வாங்கிய நாளில் எனக்கொரு கூச்சம் இருந்தது. இந்த வாத்தியம் யாருடையதோ, இதை நான் தொடலாமா என்ற கூச்சம். அதைப் போக்கியது அந்த வாத்தியத்தின் வரலாறுதான். வயலின் நம் நாட்டில் பிறந்ததன்று. ஐரோப்பியர் கொண்டு வந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) சென்னையை அடுத்த மணலியில் அவர்கள் குடும்பம் வாழ்ந்த காலத்தில் அதை ஐரோப்பிய முறையில் கற்று, பின்னர் நம் இசைக்குப் பொருத்தினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதில் பெரும் தேர்ச்சி பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்கு 1834-இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

வந்த வாத்தியம் நம் வழக்கத்துக்கு எப்படி இணங்கியது என்று பாருங்கள். அங்கே நின்றபடி, மோவாய்க்கும் தோளுக்கும் இடையே இடுக்கி வாசிக்கிறார்கள். இங்கே சப்பணமிட்டு அமர்ந்து, அதன் தலையை வலது பாதத்தில் தாங்கி, மறுமுனையை இடது மார்பில் சாய்த்துக்கொள்கிறோம். தாங்கும் வேலை இல்லாததால் இடக்கை தந்தியின் மேல் தாராளமாக வழுக்கிச் செல்கிறது. கமகம் பிறப்பது அந்த வழுக்கலில்தான். நான்கு தந்திகளையும் ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம், பஞ்சமம் என்று நம் முறைப்படி கூட்டிக்கொள்கிறோம். வெளியிலிருந்து வந்த ஒன்று, தரையில் அமரக் கற்றுக்கொண்டு, இன்று அது இல்லாமல் கச்சேரியே இல்லை என்னும் நிலையை அடைந்துவிட்டது. படியில் நின்ற பையனுக்கு இதைவிட ஆறுதல் வேறு என்ன வேண்டும்?

கல்லூரியில் சேர்ந்த பிறகு, விடுமுறை நாட்களில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சென்று வயலின் மேதைகளைப் பற்றிப் படிக்கலானேன். லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் ஆகிய மூவரையும் வயலின் மும்மூர்த்திகள் என்று இரசிகர்கள் அழைப்பதுண்டு. கிருஷ்ணன் 1928-இலும், லால்குடி 1930-இலும், கோபாலகிருஷ்ணன் 1931-இலும் பிறந்தவர்கள். பின்னிருவரும் 2013-ஆம் ஆண்டில், ஒருவர் சனவரியிலும் மற்றவர் ஏப்ரலிலுமாக மறைந்தார்கள். கிருஷ்ணன் 2020 நவம்பரில் மறைந்தார். இவர்களுள் ஒருவரையும் நான் நேரில் கேட்டதில்லை.

படிக்கப் படிக்க ஒரு செய்தி என்னைத் தைத்தது. மூவருக்கும் தந்தையே குரு. கிருஷ்ணனுக்கு நாராயண அய்யர். கோபாலகிருஷ்ணனுக்குப் பறவூர் சுந்தரம் அய்யர். லால்குடிக்கு வி.ஆர். கோபால அய்யர். அவர்கள் வீட்டில் சங்கீதம் சோற்றோடு கிடைத்தது. என் வீட்டில்? என் தந்தைக்குக் கற்றுத் தரத் தெரிந்தது ஒன்றுதான்: தணல் எவ்வளவு இருந்தால் பட்டுக்கு ஆகும், எவ்வளவு இருந்தால் பருத்திக்கு ஆகும் என்பது. அன்று அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். சிறிது பொறாமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் லால்குடியின் வாழ்க்கை என்னை மீண்டும் இழுத்தது. தியாகராஜரின் சீடர் பரம்பரையில் வந்த குடும்பம் அவருடையது. பன்னிரண்டாம் வயதிலேயே பக்கவாத்தியக்காரராக மேடையேறிவிட்டார். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி அய்யர் என்று அன்றைய ஜாம்பவான்கள் எல்லாருக்கும் வாசித்தார். ஒருவர் பாடும் வழி மற்றவருக்கு இல்லை. ஒருவர் நின்று நிதானித்துப் பாடுவார். மற்றவர் மின்னல்போல் பாய்வார். இன்று இவருக்கு, நாளை அவருக்கு என்று வாசிப்பவர் ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் புகுந்து வர வேண்டும். பாடகர் ஆலாபனை செய்யும்போது நிழலாகத் தொடர வேண்டும். அவர் என்ன பாடப் போகிறார் என்பது முன்கூட்டித் தெரியாது. கேட்ட மறுகணம் விரல் அங்கே போயாக வேண்டும். பரீட்சைக்கு முன் வினாத்தாள் தெரியாத நிலை நமக்கு வருடத்துக்கு இரு முறை. அவர்களுக்கு ஒவ்வொரு மாலையும்.

வாத்தியத்தில் பாட்டின் சொற்களே கேட்கும்படி வில்லைப் போடுவது லால்குடியின் தனிச்சிறப்பு என்பார்கள். எந்த எழுத்தில் சொல் தொடங்குகிறதோ அங்கே வில் திரும்பும். எங்கே நெட்டெழுத்து நீள்கிறதோ அங்கே வில்லும் நீளும். 1965-இல் எடின்பரோ இசை விழாவில் அவர் வாசித்ததைக் கேட்டு வியந்த யெஹூதி மெனுஹின், தம் இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்குப் பரிசாக அளித்தார். அங்கிருந்து வந்த வாத்தியத்தை இங்குள்ளவர் வாசிக்க, அங்குள்ள மேதை தம் வாத்தியத்தையே எடுத்துக் கொடுத்தார்!

அடுத்த ஆண்டு, 1966-இல், லால்குடி ஒரு புது முயற்சியில் இறங்கினார். என். ரமணியின் புல்லாங்குழல், ஆர். வெங்கட்ராமனின் வீணை, தம் வயலின் ஆகிய மூன்றையும் ஒரே மேடையில் சமமாக அமர்த்தினார். மேலைநாட்டில் நான்கு பேர் ஒரு சிறு கூடத்தில் அமர்ந்து, எழுதி வைத்த சுரங்களைப் பார்த்துச் சேர்ந்து வாசிப்பார்கள். இங்கே கீர்த்தனையின் எல்லையைத் தாண்டிவிட்டால் எழுதி வைத்தது எதுவும் இல்லை, கற்பனைதான். மூவரும் அந்தந்த நேரத்தில் பிறப்பதை வாசித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் வழிவிட வேண்டும். வாத்தியங்களின் இயல்பும் வேறு வேறு. வீணையை மீட்டினால் ஒலி எழுந்து தேயும். குழலின் ஒலி மூச்சுள்ளவரை நிற்கும். வயலினிலோ வில் ஓடும்வரை நிற்கும், திருப்பிப் போட்டால் மேலும் நிற்கும். குழலின் சுருதி அதன் நீளத்தாலும் துளைகளாலும் அமைந்துவிடுகிறது; நினைத்தபடி மாற்ற இயலாது. தந்தி வாத்தியங்கள்தாம் முறுக்கியும் தளர்த்தியும் அதற்கு இணங்க வேண்டும். ஒலி மிகுந்த வயலின் சற்று அடங்கினால்தான் வீணையின் தேயும் ஒலி கேட்கும். இதை நான் அன்று படித்தேனேயன்றி, புரிந்துகொள்ளவில்லை. அதற்கு ஓர் அவமானம் தேவைப்பட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அதற்கு முன் எனக்குத் தலைக்கனம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். முதலாண்டு ஆய்வகத்தில் சுரமானிச் சோதனை. இசைக்கவையைத் தட்டி வைத்து, கம்பியின் நீளத்தை மாற்றிக்கொண்டே போனால், ஒத்ததிர்வு ஏற்படும் இடத்தில் கம்பி மேல் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். நண்பர்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காதால் கேட்டு, காகிதம் விழுமுன்பே நீளத்தைச் சொல்லிவிட்டேன். பேராசிரியர் வியந்து காரணம் கேட்டார். பிடில் கற்பதைச் சொன்னேன். அவர்தாம் சர் சி.வி. இராமனைப் பற்றிச் சொன்னார். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இராமன், ஒளியில் தம் பெயரை நிலைநாட்டுமுன் வயலினை ஆராய்ந்தவர். வில் இழுக்கும் தந்தி எவ்வாறு அதிர்கிறது என்று 1918-இல் ஒரு பெரிய ஆய்வு நூலே வெளியிட்டார். வயலினைத் தானே வாசிக்கும் ஒரு பொறியையும் செய்து பார்த்தார். வில்லில் தடவிய பிசின் தந்தியைப் பற்றி இழுக்கிறது, ஓர் அளவுக்கு மேல் தந்தி நழுவித் திரும்புகிறது, மீண்டும் பற்றுகிறது. ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை பற்றலும் விடலும்! விடாமல் பற்றிக்கொண்டே இருந்தால் அங்கே இசை இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு வகுப்பில் என்னை "பிடில்" என்றே அழைக்கத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சென்ற ஆண்டுக் கல்லூரி விழாவில், வரலாற்றுத் துறை நண்பன் ஒருவன் பாரதியார் பாடலொன்றைப் பாடுவதாக இருந்தான். அவனும் என்னைப்போல் தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். முறையாகச் சங்கீதம் கற்றவன் அல்லன். ஆனால் தேன்போன்ற குரல். என்னைப் பக்கவாத்தியம் வாசிக்கக் கேட்டான். நானும் ஒப்புக்கொண்டேன். அன்று என் தந்தை வண்டியை மூடிவிட்டு, தாமே தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்து, அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் ஓர் அரங்குக்குள் நாற்காலியில் அமர்ந்து பாட்டுக் கேட்டது அதுவே முதல் தடவை.

அவரைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ புகுந்துகொண்டது. நண்பன் பல்லவி பாடினான். அடுத்த அடிக்கு மேல் ஸ்தாயியில் போக வேண்டும். அதற்காக ஒரு மூச்சு எடுத்துக்கொள்ள நிறுத்தினான். அந்த மூச்சுக்குள் நான் நுழைந்தேன். கற்ற வித்தையெல்லாம் இரு கைகளிலும் வந்தது. மந்தரத்திலிருந்து தாரம் வரை ஓடினேன். கைதட்டல் கிளம்பிற்று. கைதட்டலைக் கேட்டு இன்னும் ஓடினேன். அவன் பாட வேண்டிய இடம் வந்தது, போயிற்று. அவன் வாயைத் திறந்தபோது சுருதி தவறியிருந்தது. ஓர் அடியை விட்டுவிட்டு, வேறோர் அடியைப் பிடித்து, எப்படியோ முடித்தான். கூட்டம் என்னைப் பார்த்துக் கைதட்டிற்று. ஆசிரியர்கள் சிலர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் பக்கப் படி வழியே இறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

வீடு திரும்பும் வழியில் என் தந்தை ஒன்றும் பேசவில்லை. நானே கேட்டேன்: "எப்டிப்பா இருந்துச்சு?"

"கை நல்லா ஓடுது" என்றார். சற்றுத் தூரம் நடந்த பின், "அந்தப் பையன் பாட்டு எங்கப்பா போச்சு? அவன் வாயி அசையுது, என் காதுல விழல" என்றார்.

நான் பேசாமல் நடந்தேன். அவரே மறுபடியும் சொன்னார்: "கல்யாணத்துக்குப் போறவரு நம்ம கிட்ட சட்டை குடுக்கறாரு. நாலு பேரு அவரப் பாத்து, எவ்ளோ கம்பீரமா இருக்காருன்னு சொல்லணும். நம்ம பொட்டி அங்க தெரியக் கூடாது. தெரிஞ்சா சட்டை கருகிப் போச்சுன்னு அர்த்தம்."

மறுநாள் வாத்தியாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. தம் கைப்பேசியில் பழைய ஒலிப்பதிவு ஒன்றை வைத்தார். மதுரை மணி அய்யரின் பாட்டு, லால்குடியின் வயலின். "லால்குடி வாசிக்கறதை விட்டுடு. அவர் வாசிக்காம இருக்கற இடத்தை எண்ணிண்டு வா. உனக்குத்தான் எண்ணத் தெரியுமே" என்றார்.

எண்ணினேன். மணி அய்யர் மூச்சு விடும் இடங்களில் வயலின் ஓடவில்லை. அவர் விட்ட கடைசிச் சுரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் திரும்பி வந்ததும் ஒதுங்கியது. தன் முறை வந்தபோது மட்டும் வாசித்தது. அதையும் அவர் பாடிய அளவை மிஞ்சாமல் வாசித்தது. உலகமே வியந்த விரல்கள் அவை. ஓட முடியாமல் நின்றவை அல்ல. ஓட முடிந்தும் நின்றவை. எண்ணி முடிப்பதற்குள் என் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் 1966-இன் அந்த மூன்று வாத்தியக் கச்சேரி எனக்குப் புரிந்தது. பிறருக்கு இடம்விட்டுப் பல்லாண்டு பழகியவரால்தான், மூவர் சமமாக அமரும் ஒரு மேடையை நினைத்துப் பார்க்க முடியும். அவர் ஆசிரியராக இருந்ததும் இதன் தொடர்ச்சியே என்று நினைக்கிறேன். தம் மக்கள் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணனையும் விஜயலட்சுமியையும் வயலின் கலைஞர்களாக ஆக்கினார். வாய்ப்பாட்டுக் கலைஞரான பாம்பே ஜெயஸ்ரீயும் அவருடைய மாணவியே. 2023-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அவர் இயற்றிய சாருகேசி வர்ணத்தை எத்தனையோ நாட்டியக் கலைஞர்கள் ஆடுகிறார்கள். ஆடுபவரின் காலில், பாடுபவரின் குரலில் அவர் வாழ்கிறார்.

டி.என். கிருஷ்ணனும் அவ்வாறே. சென்னை அரசு இசைக் கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்து, பின் தில்லிப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1949-இல் முசிறி சுப்பிரமணிய அய்யரை முதல் முதல்வராகக் கொண்டு தொடங்கிய கல்லூரி அது. அடையாற்றின் கரையோரம் பிராடி மாளிகையில் அது இருக்கிறது. சென்ற மாதம் அந்த வழியே போனபோது வாசலில் சற்று நின்றேன். உள்ளிருந்து சரளி வரிசை கேட்டது. யாரோ ஒரு மாணவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். இம்முறை நான் எண்ணவில்லை.

நண்பனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கல்லூரி மைதானத்து மரத்தடியில் தனியே அமர்ந்திருந்தான். "உன் பாட்ட நான் கெடுத்துட்டேன்டா" என்றேன். அவன் வெகு நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கம்மா வந்திருந்தாங்கடா" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என் தந்தை மட்டுமே அந்தக் கூட்டத்தில் இருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

ஆனாலும் அவன் பெரிய மனம் படைத்தவன். இந்த ஆண்டு விழாவில் அதே பாடலை மீண்டும் பாடுகிறான். பக்கவாத்தியம் நான். மாலை நேரங்களில் தந்தையின் வண்டியருகே வேப்பமரத்தடியில் ஒத்திகை நடக்கிறது. அவன் மூச்செடுக்கும் இடங்களை நான் ஒவ்வொன்றாகக் கற்று வருகிறேன். மொத்தம் பதினான்கு. அவற்றுள் ஐந்தில் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கிறேன். மற்றவற்றில் வில்லைத் தூக்கிவிடுகிறேன். தூக்குவதுதான் கடினமாக இருக்கிறது.

மேதைகள் மூவருக்கும் தந்தையே குரு என்று படித்துப் பொறாமைப்பட்டேன் அல்லவா? அந்தப் பொறாமை இப்போது இல்லை.

இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது விழா முடிந்திருக்கும். அன்று யார் பாடினார் என்பது உங்களுக்கு நினைவிருந்து, யார் பிடில் வாசித்தார் என்பது நினைவில்லாமல் போயிருந்தால், நான் தேறிவிட்டேன் என்று கொள்ளுங்கள்.